பயிருக்குக் காப்பீடு உண்டு, உங்களுக்கு?

சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டார மானாவாரி விவசாயிகளிடம் ஆயுள் காப்பீடு பற்றிக் கேட்டால், மக்காச்சோளத்துக்குப் பிரீமியம் கட்டிய ரசீதை எடுத்துக் காட்டுகிறார்கள். அது பயிர்க் காப்பீடு. விளைச்சல் பொய்த்தால் இழப்பீடு வரும். குடும்பத் தலைவர் மறைந்தால் அதில் ஒரு காசும் வராது.

வெள்ளாமை முடிந்ததும் பட்டாசு வேலைக்குப் போகும் வீடுகள் இப்பகுதியில் ஏராளம். விபத்து என்றால் ஆலை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தார். ஆகவே அவரவர் பெயரில் தனியாக ஒரு காப்பீடு அவசியம்.

உடனே செய்யக்கூடியது, கணக்கு வைத்திருக்கும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ 2015இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்தில் சேர்வதாகும். ஆண்டுக்கு ரூ.436. எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே தொகை உண்டு. கூடவே ரூ.20 செலுத்திச் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டிலும் சேர்ந்தால், விபத்தில் உயிரிழப்பு நேரும்போது மேலும் ரூ.2 லட்சம் கிடைக்கும்.

ஜீவன் ஜோதியில் சேர 18 முதல் 50 வயது வரைதான். "பருத்தி விற்கட்டும் சார்" என்று எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டு தள்ளிப்போட்டார்; வங்கிக்குப் போனபோது வயது 51. பிரீமியம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். வைகாசியில் கரிசல்காட்டு விவசாயி கையில் காசு இராது என்பதால், பங்குனியிலேயே ரூ.500 ஒதுக்கி வைப்பது நலம்.

ரூ.2 லட்சம் போதுமா? மூன்று லட்சம் கடனும் மாதம் பத்தாயிரம் வீட்டுச் செலவும் உள்ள குடும்பத்துக்குப் பத்தாண்டுக் கணக்கில் ரூ.15 லட்சம் வேண்டும். அதற்கு ஏற்றது 'டேர்ம்' பாலிசி. முதிர்வுத் தொகை தரும் பாலிசிகளைவிடப் பிரீமியம் மிகக் குறைவு. "உயிரோடு இருந்தால் பணம் திரும்பி வராதே" என்பார்கள். நல்ல மகசூல் கண்ட ஆண்டில் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தைத் திருப்பியா கேட்கிறோம்?

விண்ணப்பத்தில் பட்டாசு வேலையை மறைக்கவே கூடாது. கூடுதல் பிரீமியம் கேட்கலாம், சில கம்பெனிகள் மறுக்கவும் கூடும், வேறிடத்தில் கேளுங்கள். மறைத்து எடுத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேரும்போது அதையே காரணம் காட்டித் தொகையை மறுக்க இடமுண்டு. பீடி, சர்க்கரை நோய் விஷயமும் அப்படியே. படிவத்தை ஏஜெண்டிடம் விட்டுவிடாமல், படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

கந்துவட்டிக் கடன் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ், மனைவி மக்கள் பெயருக்குப் பாலிசி எடுத்தால் அத்தொகையில் கடன்காரர் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பிறகு சேர்க்க இயலாது.

திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் இன்னும் தாயார் பெயரே வாரிசுதாரராக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பத்திரத்தைப் பட்டா, சிட்டா உள்ள பெட்டியிலேயே வைத்து, இடத்தை மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.