எறியும் தண்டில் இருக்கும் அரும்பு



யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பனம்பழத்தைப் பிசைந்து களியைப் பனாட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள், எஞ்சிய கொட்டையைக் குப்பையில் எறிவதில்லை. வளவின் ஒரு மூலையிலே அதனைச் சேர்த்து வைப்பார்கள். ஆவணி, புரட்டாதி மாதங்களில் மண்ணை அணைத்துப் பாத்தி போட்டு, கொட்டைகளை அதன்மேல் நெருக்கமாக அடுக்கி மூடிவிடுவார்கள். மாரி மழை பாத்தியை நனைக்கும். தை மாதமளவில் அதனைக் கிண்டினால், விதைக்கு ஒன்றாகப் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்துத் தின்றது போக மிஞ்சிய கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒரு பழத்தின் எச்சம் ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு உணவாகிவிடுகிறது.

நம் முன்னோர் பனங்கொட்டையில் கண்ட இந்த உண்மையை, நாள்தோறும் அடுக்களையில் நாம் ஒதுக்கித் தள்ளும் தண்டிலும் வேரிலும் கிழங்குத் துண்டிலும் காணலாமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது பொழுதுபோக்குக்காக மட்டும் கேட்கப்படும் கேள்வி அன்று. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய் கொடுக்கவேண்டி வந்தது. வீட்டிலே உணவுப் பயிர் செய்வதற்கென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிப்பதென அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமைச்சரவை முடிவு செய்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலங்களிலே பல வீடுகளில் சோறு குறைவதற்கு முன்னரே கீரையும் கறியும் குறைந்துவிடுகின்றன. அடுக்களை ஒதுக்கலிலிருந்து வளர்க்கும் செடி சோற்றைத் தராது. ஆனால், சோற்றோடு சேரவேண்டிய ஒரு பிடி கீரையையும், கறிக்கு மணமூட்டும் தாளையும் இஞ்சியையும் தரக்கூடும். எது தரும், எது தராது என்று அறிந்து செய்தால் உழைப்பு வீண்போகாது.

அதற்கு ஓர் எளிய விதி உண்டு. அரும்பு இருக்கும் பகுதியே மீண்டும் தளிர்க்கும். கீரைத் தண்டிலே இலை புறப்படும் இடத்தைக் கணு என்கிறோம். ஒவ்வொரு கணுவிலும், இலைக்கும் தண்டுக்கும் இடையிலே, ஓர் அரும்பு உறங்கிக் கிடக்கிறது. இஞ்சியின் மேற்பரப்பில் விரல் நுனிபோல் தோன்றும் முளையும் அரும்பே. வெங்காயத்தின் அடியிலே வேர்களைத் தாங்கி நிற்கும் தட்டுப் போன்ற பகுதி, உண்மையில் மிகவும் குறுகிப்போன ஒரு தண்டு. அதன்மேலும் அரும்பு உண்டு. கத்தியை எடுக்கும்போது இந்த அரும்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர், பாதித் தோட்டத்தை அப்பொழுதே அமைத்தவர் ஆகிறார்.

முதலில் பொன்னாங்காணியை எடுத்துக்கொள்வோம். சந்தையிலே ஒரு பிடி வாங்கினால், இலையையும் இளந்தளிரையும் ஆய்ந்துகொண்டு முற்றிய தண்டை எறிந்துவிடுகிறோம். நடுகைக்கு உகந்தது அந்த முற்றிய தண்டுதான். நான்கு கணுக்கள் இருக்குமாறு அதனை நறுக்குக. கீழ்க் கணுக்கள் இரண்டிலும் இலை இருந்தால் நீக்கிவிட்டு, அவை மண்ணுக்குள் மறையும்படி சற்றுச் சரிவாக ஊன்றுக. தலைகீழாக ஊன்றிவிடலாகாது. தண்டின் நுனியிலே உண்டாகும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள், எப்பொழுதும் நுனியிலிருந்து அடியை நோக்கியே இறங்கும். அது வெட்டுவாயின் அருகே திரண்டு அங்கே வேரைத் தோற்றுவிக்கும். மண் ஈரமாக இருந்தால் ஒரு வாரமளவில் வேர்பிடித்துவிடும். ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துள் முதன்முறை கொய்யலாம். வேரோடு பிடுங்காமல், அடியிலே இரண்டு கணுக்களை விட்டுக் கொய்தால், அவ்விரண்டும் மீண்டும் கிளைக்கும்.

கங்குங், புதினா ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். வல்லாரையோ இன்னும் எளிது. வாங்கிய கட்டிலே வேரோடு கூடிய கணு ஒன்றிரண்டு இருக்கவே செய்யும். அவற்றை நிழல் கலந்த ஈர மண்ணில் வைத்தால் போதும். கறிவேப்பிலை ஈர்க்கை இவ்வாறு நட முயன்று ஏமாந்தவர் பலர். அந்த ஈர்க்கு ஒரு கூட்டிலையின் நடு நரம்பே. அதிலே கணுவும் இல்லை, அரும்பும் இல்லை. கறிவேப்பிலையைப் பழத்தின் விதையிலிருந்தோ, தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றிலிருந்தோ உண்டாக்குவதே வழி.

அடுத்தது வெங்காயம். வடபகுதிக் கமக்காரர் சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயையே நட்டு உண்டாக்குகின்றனர்; இரண்டு, இரண்டரை மாதத்தில் ஒரு காய் பல காய்களாகப் பிரிந்து கொத்தாகிவிடும். அடுக்களைக் கூடையிலே முளைவிட்ட சின்ன வெங்காயத்தையும் இவ்வாறு ஊன்றலாம். லீக்ஸ் வாங்கும்போது வேரோடு ஓர் அங்குலத் தண்டை ஒதுக்கி நட்டால் புதிய தாள் எழும். உள்ளிப் பல்லும் முளைக்கும்; ஆனால் நமது வெப்பமான தாழ்நிலங்களிலே அது பூண்டாகத் திரள்வது அரிது. அதன் தாளைக் கறிக்கு நறுக்கிக்கொள்ளலாம்.

இஞ்சியும் மஞ்சளும் பொறுமை வேண்டும் பயிர்கள். 2020 ஆம் ஆண்டு இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பின்னர் மஞ்சளின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். கடையிலே விற்கும் காய்ந்த மஞ்சளை நட்டுப் பயனில்லை. அது அவித்துக் காயவைக்கப்பட்டது, அதன் உயிர் போய்விட்டது. வேர்க்கொம்பும் அவ்வாறே முளையாது. பச்சை மஞ்சளும் பச்சை இஞ்சியுமே வேண்டும். இரண்டு மூன்று முளைகள் உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் விட்டு, முளை மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் தாழ்த்துக. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். எட்டு முதல் பத்து மாதத்திலே இலை பழுத்துச் சாயும். அதுவே கிண்டும் காலம்.

வற்றாளங்கிழங்கு அத்தனை காலம் காக்கவைப்பதில்லை. முளைத்த கிழங்கை ஈர மணலிலே பாதி புதைத்து வைத்தால் பல கொடிகள் எழும். ஒரு சாண் நீளம் வந்ததும் கொடிகளை வெட்டி நட்டால், நான்கு மாதமளவில் கிழங்கு விழும். அதுவரை அதன் இளங்கொழுந்தைக் கீரையாகச் சமைக்கலாம்.

இனி, நம்மை ஏமாற்றுவனவற்றையும் சொல்லவேண்டும். கரட்டின் தலையை வெட்டிக் கோப்பையில் நீரூற்றி வைத்தால் சில நாளில் பச்சை இலை கிளம்பும். புதிய கரட் விளையும் என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள், அது விளையாது. நாம் உண்பது அச்செடி தன் பூக்காலத்துக்காகச் சேமித்த ஒரே வேர். தலையில் இருக்கும் அரும்பு, மிஞ்சிய சேமிப்பைச் செலவிட்டு இலையை விரிக்கும். நல்ல மண்ணும் குளிரும் கிடைத்தால் பூத்து விதையும் தரலாம். ஆனால் இழந்த கிழங்கை மீண்டும் கட்டாது. பீற்றூட்டும் முள்ளங்கியும் இவ்வாறே. பீற்றூட்டின் இலையையாவது சுண்டலாம்.

1958 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்ருவேட் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் கரட்டின் நுண்ணிய இழையத் துணுக்குகளிலிருந்து முழுச் செடியை உண்டாக்கிக் காட்டினர். அவர்கள் துணைக்கொண்ட ஊட்ட நீரிலே இளநீரும் ஒரு பகுதி. எனினும் அது கிருமியற்ற கண்ணாடிக் கலத்தில் நிகழ்ந்தது. நம் வீட்டுக் கோப்பையிலே அதனை எதிர்பார்க்கலாகாது.

உருளைக்கிழங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சை நிறம் பாய்ந்த கிழங்கிலும் அதன் முளையிலும் நச்சுப் பொருள் உண்டு, அவற்றை உண்ணக்கூடாது. முளைத்ததை நடுவோமே என்றால், சந்தைக் கிழங்கு வாடல் நோயை மண்ணுக்குள் கொண்டுவரக்கூடும். அந்நோய் தக்காளியையும் கத்தரியையும் மிளகாயையும் பற்றும். ஆதலால் அவை நிற்கும் மண்ணில் அதனை நடாதிருப்பதே அறிவுடைமை.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை நீரைப் பற்றியது. தண்டை நீரில் இட்டு வேர் விடுவிப்பது கண்ணுக்கு இனிய காட்சி. ஆயின் யன்னலோரத்துக் கோப்பையிலே தெளிந்து நிற்கும் நீரே டெங்கு நுளம்பு விரும்பும் இடம். 2017 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; நீர் வற்றினும் மாதக்கணக்கிற் சாகாது. முட்டை பொரித்துக் குடம்பி நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் செல்லும். எனவே மூன்று நாளைக்கு ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு நின்றுவிடாமல், கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். வேர் ஓர் அங்குலம் ஆனவுடன் மண்ணுக்கு மாற்றிவிடுக. பொன்னாங்காணியையும் புதினாவையும் நீரில் வைக்காமல் நேரே மண்ணில் நடுவது இன்னும் பாதுகாப்பு.

நீரிலே நெடுநாள் விடலாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறும் நீரிலே போதிய உணவு இல்லை. அதில் நிற்கும் தண்டு தன் சேமிப்பையே தின்று வளர்கிறது. சேமிப்புத் தீர்ந்ததும் வெளிறி மெலியும். மண்ணே அதற்கு வாழ்வு தரும்.

அந்த மண்ணுக்குப் பெரிய வளவு வேண்டுமென்பதில்லை. தொடர்மாடியிலோ லயன் அறையிலோ குடியிருப்பவருக்கு ஒரு பால்மாப் பேணியும் ஓர் அரிசிப் பையும் போதும். அடியிலே சில துளைகள் இடுக. மண்ணோடு தும்புத்தூளும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புக. அரிசி களைந்த நீரை வீணாக்காமல் வார்க்கலாம். உப்பிட்ட நீரை மட்டும் ஊற்றவேண்டாம். நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது வெயில் படட்டும். கிணற்றடியிலே குளித்த நீர் ஓடும் வழியில் வாழை வைத்த நம்மவருக்கு இதுவொன்றும் புதிய கல்வியன்று.

நாளை ஒரு பிடி பொன்னாங்காணி வாங்குங்கள். இலையைச் சட்டியில் இடுங்கள். முற்றிய தண்டுகளில் பத்தினை எடுத்து ஒரு பேணியில் ஊன்றுங்கள். சில தண்டுகள் பட்டுப்போகலாம். பிழைத்தவை அடுத்த மாதம் உங்கள் பிள்ளையின் கோப்பையிலே சோற்றின் பக்கத்தில் இருக்கும். அந்த ஒரு பிடிக் கீரைக்கு அன்று சந்தை விலையைக் கேட்கவேண்டியதில்லை.