இழந்த எடை மீளாதிருக்க

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்றொரு போட்டி பல ஆண்டுகள் நடந்தது. மிகுந்த உடற்பருமன் கொண்டோருள் முப்பது வாரங்களில் யார் மிகுதியாக இளைக்கிறார் என்பதே அதன் பந்தயம். அதில் கலந்துகொண்டோருள் 14 பேரை, அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் ஆறாண்டுகள் கழித்து மீண்டும் அழைத்து ஆராய்ந்தனர். முடிவு 2016-இல் வெளிவந்தது. சராசரியாக 149 கிலோவிலிருந்து 91 கிலோவுக்கு இறங்கியிருந்தவர்கள், ஏறத்தாழ 132 கிலோவுக்குத் திரும்பியிருந்தனர். அதனினும் வியப்பான செய்தி வேறொன்று. வெறுமனே படுத்திருக்கும்போது அவர்களின் உடல் செலவிட்ட ஆற்றல், அந்த உடற்கட்டுக்கு இருக்கவேண்டிய அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. எடை ஏறிய பிறகும் உடல் தன் சிக்கனத்தைக் கைவிடவில்லை.

‘எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை’ என்று இதழ்கள் எழுதித் தள்ளின. அது அவசரத் தீர்ப்பு என்பேன். அதே பதினால்வரிடம் செய்த மற்றோர் அளவீடு அடுத்த ஆண்டு வெளியானது. கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குறியாகச் சேர்ந்த நீரைப் பருகச் செய்து, சிறுநீரில் அவை குறைந்துவரும் வேகத்தைக் கொண்டு ஒருவரின் அன்றாட ஆற்றல் செலவைக் கணிப்பது அம்முறை. ஏமாற்ற இயலாத கணக்கு அது. இளைத்த உடலைப் பெரிதும் காத்துக்கொண்டோர் தம் உடலியக்கத்தைப் போட்டிக்கு முன்பிருந்ததைவிட 160 விழுக்காடு உயர்த்தியிருந்தனர். மீண்டும் பருத்தோர் 34 விழுக்காடே உயர்த்தியிருந்தனர். உணவைக் குறைத்த அளவில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்துக்கொண்டோரின் நிலையை எட்ட நாள்தோறும் ஏறத்தாழ 80 மணித்துளி மிதமான உழைப்போ, 35 மணித்துளி கடும் உழைப்போ வேண்டும் என்று ஆய்வாளர் கணித்தனர்.

அலுவலும் குடும்பமும் உடைய ஒருவருக்கு 80 மணித்துளி எளிதன்று. அதனால் 35 என்ற எண்ணே பயிற்சிக்கூடம் செல்வோர் மனத்தில் கொள்ளத்தக்கது. இதற்கு உடலியங்கியலிலும் ஒரு காரணம் உண்டு. உடல் எடையில் பத்திலொரு பங்கை இழந்தோரின் தசைகள், மெதுவான வேலையை முன்னினும் குறைந்த ஆற்றலில் முடிக்கக் கற்றுக்கொள்கின்றன. இதனை ரோசன்பாம், லீபல் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. இச்சிக்கனம் தெளிவாகப் புலப்படுவது குறைந்த பளுவில்தான். பளு ஏற ஏற அது மங்குகிறது. டிரெட்மில்லின் கைப்பிடியில் சாய்ந்தபடி, கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பவர், தசை எங்கே மிச்சம் பிடிக்கிறதோ அங்கேயே தம் நேரத்தைச் செலவிடுகிறார். கைப்பிடியைப் பற்றியவுடன் உடற்சுமையில் ஒரு பகுதி கைக்கு மாறிவிடுகிறது. பொறியின் திரையோ அதை அறியாமல் கலோரியைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம்பி மாலையில் இரண்டு வடை கூடுதலாக உண்பவர்கள் உண்டு!

பளுப்பயிற்சி குறித்து ஒரு மிகைக் கூற்று உலவுகிறது: தசை பெருகினால் தூங்கும்போதும் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்குமாம். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவிடுவது நாளுக்கு ஏறத்தாழ 13 கலோரி மட்டுமே. பளு தூக்குவதன் உண்மைப் பயன் வேறு. பட்டினியால் இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை திரும்பும்போதோ பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. தசையைக் கரையவிடாமல் காப்பதே பளுவின் பணி. ஆகவே கூடத்தில் நுழைந்ததும், உடல் சூடேறிய கையோடு, பெருந்தசைகளை ஒருங்கே இயக்கும் பயிற்சிகளை முதலில் முடித்துவிடுவது நன்று: குந்தி எழுதல், தரையிலிருந்து பளு தூக்கல், மார்பை நோக்கி இழுத்தல். ஒரு சுற்றின் கடைசி இரு முறைகள் திணறலாக இருந்தால் பளு சரியானது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே முடிக்க முடிந்தால் பளு போதாது. முன்கைக்கெனத் தனியே அரை மணி ஒதுக்குவது அழகுக்கு உதவலாம். எடைக் காப்புக்கு உதவுவது சொற்பமே. சுற்றுகளுக்கிடையே ஒன்றரை, இரண்டு மணித்துளி ஓய்வு பெரும்பாலோருக்குப் போதும். பயிற்சியைத் தின்னும் திருடன் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறான். மூட்டு வலியோ இதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டே பளுவை ஏற்றவேண்டும்.

2021-இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்வு நேரப் பகிர்வுக்கு நல்ல முன்மாதிரி. எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 13 கிலோ இளைத்த 195 பேரை, எடை குறைக்கும் லிராகுளுடைடு ஊசி மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என நான்கு குழுக்களாகப் பிரித்தனர். குழுவாகச் செய்த பயிற்சி 45 மணித்துளிதான்: அரை மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு வேகமாக மிதிவண்டிப் பொறி மிதித்தல், எஞ்சிய கால்மணி தசைப்பயிற்சிச் சுற்று. ஓராண்டு கழிந்தபோது, மருந்தும் பயிற்சியும் இல்லாதோர் ஏறத்தாழ 6 கிலோவும், பயிற்சி மட்டும் செய்தோர் 2 கிலோவும் திரும்பப் பெற்றிருந்தனர். லிராகுளுடைடு ஊசியோடு பயிற்சியும் செய்தோர் மேலும் 3 கிலோவுக்குச் சற்று மிகுதியாகவே இளைத்தனர்.

இரண்டையும் நிறுத்தி இன்னும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசியை மட்டும் நம்பியிருந்தோரிடம் எடை விரைந்து ஏறியிருந்தது. பயிற்சியையும் சேர்த்துச் செய்தோரிடம் ஏற்றம் குறைவு. எடை குறைக்கும் ஊசிகள் நம் ஊர் மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டன. அவற்றை எடுத்துக்கொள்வோர், ஊசி நிற்கும் நாளுக்குச் சில திங்கள் முன்பே பளுப்பயிற்சியில் கை பழகியிருப்பது நல்லது.