இரவில் கூட்டில் முட்டை வேண்டாம்

பலெர்மோவில் நம்மவர்கள் அதிகம் பேர் இருப்பது மாடி வீடுகளில். பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் நாலாம் மாடியில் கோழி வளர்க்க ஏலாது. ஆனால் நகரைச் சுற்றியுள்ள கொன்கா தோரோ சமவெளியில், எலுமிச்சையும் மந்தரீனும் நிற்கிற தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன வளவு கிடைத்துவிட்டால், பிள்ளைகள் கேட்கிற முதல் விஷயங்களில் ஒன்று கோழி. நாலு பேடு, ஒரு மரக்கூடு, காலையில் சூடான முட்டை. ஆசை நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டின் வாசம் நமக்கு மட்டும் தெரிவதில்லை, இரவில் நடமாடுகிற மற்றவர்களுக்கும் தெரியும்.

முட்டை களவு போகத் தொடங்கினால் உடனே பெரிய பூட்டு, கமரா, பொறி என்று யோசிக்கிறோம். அதற்கு முதல் பார்க்கவேண்டியது நேரத்தை.

கோழி எப்போது முட்டையிடும்?

பேடு பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் இடையில் ஏறத்தாழ 25 மணி நேரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தும். பின்னேரம் வரை பிந்திவிட்டால் ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி காலையில் தொடங்கும். இருட்டில் முட்டையிடுவது மிக அரிது.

அப்படியென்றால் இரவில் களவு போகிற முட்டை, பகலில் நாம் எடுக்காமல் விட்ட முட்டை. மத்தியானம் ஒருதரம், பொழுது படமுன்னம் ஒருதரம் எடுத்துவிட்டால் இரவுக் கள்வனுக்குக் கூட்டில் முட்டையே இல்லை. இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையிடம் ஒரு கூடையைக் கொடுத்தால் போதும். எடுத்த முட்டையைக் கழுவாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கோதின் மேலுள்ள மெல்லிய படலம்தான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. கழுவவேண்டியது பிள்ளையின் கையை, சவர்க்காரம் போட்டு.

கள்வன் இல்லாத களவு

இன்னொன்றையும் பாருங்கள். நவம்பர் வந்ததும் முட்டை குறைகிறது, “ஆரோ எடுக்கினம்” என்று சந்தேகம் வருகிறது. ஆனால் பேடு தொடர்ந்து முட்டையிட ஒரு நாளைக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் பலெர்மோவில் பகல் பத்து மணி நேரம்கூட இல்லை. இலையுதிர் காலத்தில் கோழி பழைய இறகைக் கொட்டிப் புதியது முளைக்க வைக்கும். அந்தக் காலத்திலும் முட்டை நிற்கும். யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்கப் பகல் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், வெளிச்சத்தால் முட்டை நிற்பது எங்கள் அம்மா அப்பாவுக்கே புதிய விஷயமாக இருக்கும்.

கூட்டுக்குள்ளேயே கோது உடைந்து வைக்கோலில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால், கோழியே முட்டையைக் குடிக்கப் பழகியிருக்கலாம். நொறுக்கிய சிப்பி கொடுங்கள், கோது தடிக்கும். முட்டைப் பெட்டியைக் கொஞ்சம் இருட்டாக வையுங்கள்.

வருகிறவர்கள் யார்?

ஊரில் மரநாய், கீரி, சாரைப்பாம்பு என்று பயந்தார்கள். சிசிலியில் வேறு ஆட்கள்.

எலிதான் முதல் ஆள். அது முட்டைக்காக வருவதைவிடத் தீனிக்காகவே வரும், வந்த இடத்தில் முட்டையையும் உருட்டிக்கொண்டு போகும். எச்சமும், பலகையில் பல் அடையாளமும் இருந்தால் எலி.

தோன்னொலா என்பது கீரியின் சாயலில், அதைவிட மிகச் சின்ன பிராணி. பெருவிரல் அகல ஓட்டை இருந்தாலே உள்ளே வந்துவிடும். சின்ன உடம்பென்றாலும் கழுத்தில் கடித்துக் கோழியைக் கொல்லக்கூடியது.

மார்த்தொரா மரம் ஏறும், பாயும், கூரையால் இறங்கும். முட்டையை வாயில் கவ்விக்கொண்டு போய் வேறு இடத்தில் தின்னும். இத்தாலியில் கோழி செத்தால் எல்லோரும் ‘ஃபாய்னா’ என்ற பிராணியைத்தான் குற்றம் சொல்வார்கள். அது பெருநிலத்து ஆள், சிசிலித் தீவில் இல்லை. இங்கே வருவது அதன் உறவான மார்த்தொரா.

நரி முட்டையும் எடுக்கும், கோழியையும் தூக்கும். வேலியடியில் தோண்டிய மண்ணும், வழியெல்லாம் சிந்திய இறகும் அதன் அடையாளம்.

யாரென்று தெரியவில்லையா? படுக்கப் போகமுன்னம் கூட்டு வாசலில் கோதுமை மாவைப் பரவலாகத் தூவி விடுங்கள். விடிய எழும்பிப் பார்த்தால் காலடி தெரியும். பிள்ளைகளுக்கு இது பிடித்தமான வேலை.

வலை, தரை, கதவு

கடையில் ‘கோழிவலை’ என்று விற்கிற அறுகோணக் கம்பி கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நரி அதைக் கிழிக்கும், தோன்னொலா அதன் கண்ணுக்குள்ளால் நுழையும். பெர்ராமெந்தாக் கடையில் ‘ரேத்தே எலெத்ரோசால்தாதா’ என்று கேளுங்கள். கம்பிகளைச் சூட்டில் ஒட்டிச் செய்த உறுதியான வலை அது. கண் 13 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. காற்றுப் போகிற யன்னலுக்கும் அதே வலைதான். மேலேயும் மூடவேண்டும், மார்த்தொரா வேலியைச் சுற்றி வராது, ஏறித்தான் வரும்.

தரையில், கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக 30 முதல் 40 சென்றிமீற்றர் அகலத்துக்கு அதே வலையைப் படுக்கப் போட்டு, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். நரி சுவரோடு ஒட்டித் தோண்டத் தொடங்கும், வலை தட்டுப்படும், விட்டுவிடும்.

கதவுக்குச் சும்மா ஒரு கொளுக்கி போதாது. ஆமைப்பூட்டோ, இரண்டு அசைவில் திறக்கிற தாழ்ப்பாளோ போடுங்கள்.

தீனியை இரவில் கூட்டுக்குள் விடாதீர்கள். மூடியுள்ள தகரப் பீப்பாவில் போட்டு வையுங்கள். தீனி இல்லாத இடத்தில் எலி தங்காது. எலி இல்லாத இடத்தைப் பாம்பும் தேடாது.

“பொழுது படமுன்னம் அடைச்சுப்போடு”

அம்மம்மாமார் சொல்கிற இந்த வசனத்தில் காரணம் இருக்கிறது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. பகலில் கத்திப் பறந்து தப்புகிற பேடு, இரவில் தடியில் இருந்த இடத்தைவிட்டு அசையாது. கதவு திறந்திருந்தால், உள்ளே வந்த பிராணிக்கு அவசரமே இல்லை. ஒன்றை எடுக்க வந்தது எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் போவது அதனால்தான்.

பலெர்மோவில் பொழுது படுகிற நேரம் நிறைய மாறும். ஜூனில் இரவு எட்டரை மணி, டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்னம். மணிக்கூட்டைப் பார்த்து ‘ஏழு மணிக்கு அடைப்போம்’ என்று வைத்தால் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் கதவு திறந்து கிடக்கும். இருவரும் வேலைக்குப் போகிற வீடென்றால், வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மூடுகிற கதவு வாங்குவது நல்லது. மூடிய பிறகும் எத்தனை கோழி உள்ளே என்று எண்ணவேண்டும். சிசிலியானா என்கிற இந்த மண்ணின் கோழி, கொண்டை ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி விரிந்தது, நன்றாகப் பறக்கும். விட்டால் எலுமிச்சை மரத்தில் ஏறிப் படுத்துவிடும். அங்கே பூட்டும் இல்லை, வலையும் இல்லை.

அடைக்கோழி மட்டும் விதிவிலக்கு

குஞ்சு பொரிக்க வைத்தால் 21 நாள் இரவும் பகலும் முட்டை கூட்டில்தான் இருக்கும். ஊரில் கரப்பால் மூடி மேலே கல் வைப்பார்கள். இங்கே அடைக்கோழியைத் தனியாக, நாலு பக்கமும் மேலும் கீழும் ஒட்டுவலை போட்ட பெட்டியில், கராஜுக்குள்ளோ களஞ்சிய அறைக்குள்ளோ வையுங்கள்.

நஞ்சு வேண்டாம்

நல்ல பேடு ஒன்று செத்தால் கோபம் வரும். ஆனால் வெளியில் நஞ்சுத் தீனி வைப்பது இத்தாலியில் தடை. 1992ஆம் ஆண்டின் 157ஆம் இலக்கச் சட்டம் மார்த்தொராவைச் சிறப்பாகப் பாதுகாக்கிறது. நஞ்சை முதலில் தின்பது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம். தோட்டத்தில் விளையாடுவது உங்கள் பிள்ளையும்தான். கோழி வாங்கமுன்னம் அசியெந்தா சனித்தாரியாவின் கால்நடை வைத்தியப் பிரிவில் பதிவையும் கேட்டு முடியுங்கள். வீட்டுத் தேவைக்கு நாலு கோழி என்றாலும் பதிவு வேண்டும்.

ஒருநாள் கோழி செத்துக் கிடந்தால் பிள்ளைக்கு மறைக்க வேண்டாம். “அந்தப் பிராணி கெட்டது” என்று சொல்லவும் வேண்டாம். அதற்குப் பசி, எங்களுக்குப் பொறுப்பு. ஓட்டை எங்கே என்று பிள்ளையோடு சேர்ந்து தேடி, அன்று பொழுது படமுன்னம் அடைத்துவிடுங்கள்.