ஈரம் போனால் பாதிக் குளிர் போச்சு

பாய்மரப் பாதை – 11

போன வாரம் இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகான தாரிணியை நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். 2025 ஜனவரியில் அங்கிருந்து கிளம்பிய படகு, பிப்ரவரியில் ஹார்ன் முனையைச் சுற்றி ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லியை அடைந்தது. நீளம் 56 அடி. உள்ளே இரண்டே பேர்: கோழிக்கோட்டுப் பெண் தில்னா, புதுச்சேரித் தமிழ்ப்பெண் ரூபா. இருவருமே அப்போது கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலையையும் காற்றையும்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சின்ன அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. கோவாவில் கட்டிய படகு, தெற்கே 56 பாகைக்குப் போய்விட்டது. அந்தக் குளிரில் மனிதர் அதற்குள் எப்படித் தூங்குவது?

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இதில் பாதியை விளக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். நம் பக்கம் பனியா பெய்கிறது? ஆனாலும் நனைந்த துணியோடு ராத்திரியைக் கழித்தவருக்குப் பல் கிட்டித்துப் போகும். தண்ணீர், காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிரில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ஈரம்தான்.

தென்கடலில் கோடையிலும் நீரின் வெப்பம் பத்துப் பாகையைத் தொடாத இடங்கள் உண்டு. படகின் அடிப்பாகம் அந்த நீரிலேயே கிடக்கிறது. உள்ளே விடும் மூச்சும், கொதிக்கிற சோற்றின் ஆவியும் சில்லென்ற சுவரில் பட்டதும் வியர்த்து, படுக்கைக்குள் வடியும். தாரிணியின் உடல் நடுவில் மரமும் இருபுறமும் கண்ணாடியிழையுமாகக் கட்டியது. நடுவிலிருக்கும் மரம் சூட்டை எளிதில் வெளியே விடாது. இரும்பு, அலுமினியப் படகு என்றால் உள்பக்கம் தக்கையோ நுரைப்பலகையோ ஒட்டாமல் அந்தப் பக்கம் போவதே தப்பு.

சரி, அடுப்பைப் பற்றவைத்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பு, அறையைச் சூடாக்கிக்கொண்டே நனைக்கவும் செய்யும். அதனால்தான் குளிர்நாட்டுப் பாய்ப்படகுகளில் டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் ஆவியையும் குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, காய்ந்த சூட்டை மட்டும் அறைக்குள் விடும் ஏற்பாடு அது. அதோடு, எவ்வளவு குளிரானாலும் மேலே ஒரு காற்றுத்துளை திறந்தே இருக்க வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் மூடிய அறையில் ஈரம் போக வேறு வழி கிடையாது.

மிச்சமெல்லாம் பழக்கம். நனைந்த மேலுடையைப் படிக்கட்டருகிலேயே கழற்றிவிட வேண்டும், படுக்கைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மெத்தைக்கு அடியில் சட்டம் போட்டுக் காற்றோட்டம் விட வேண்டும். உடம்பை ஒட்டிக் கம்பளித் துணி இருக்க வேண்டும், பருத்தி உதவாது. நனைந்தால் காயவே காயாது. சூடாக எதையாவது அடிக்கடி குடிப்பதும் இதில் சேர்த்தி. எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பிய அந்த இருவரின் துணிச்சலை நாடே கொண்டாடியது. அறையைக் காயவைத்துக்கொள்ளும் இந்த அன்றாடப் பாடும் அந்தத் துணிச்சலோடு சேர்த்து எண்ணத்தக்கது என்பேன்.

கடைசியாக ஒன்று. மூடிய அறையில் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடைக் கக்கக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படகில் அதற்கென எச்சரிக்கைக் கருவி வைப்பார்கள். கொடைக்கானல், ஊட்டி விடுதி அறைகளில் அந்தக் கருவியை எதிர்பார்க்க முடியாது. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த டிசம்பரில் மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள். கரியடுப்பை மட்டும் தயவுசெய்து அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.