நடுக்கடலில் இருமி நிற்கும் பழைய அவுட்போர்டு மோட்டார்: கோளாறு கார்புரேட்டரில்தானா?

சாத்தம் படகுத்துறையில் நின்றால் பாம்பூஃப்ளாட் எதிரிலேயே தெரியும். ஃபெர்ரி ஏறினால் சில நிமிடப் பயணம்தான். சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் ஃபெரர்கஞ்ச் வரை சுற்ற வேண்டும். தண்ணீரே குறுக்குவழியாக இருக்கும் இப்படி ஒரு ஊரில், சின்ன டிங்கியின் பின்னால் தொங்கும் பழைய அவுட்போர்டு மோட்டார்தான் பலருக்கு பைக் மாதிரி. பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். மோட்டார் நின்றால் நீரோட்டம் இழுக்கும் பக்கம்தான் படகு போகும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு இருமுகிறது, நிற்கிறது. கயிற்றை இழுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி நிற்கிறது. உடனே "கார்புரேட்டர் போச்சு" என்று ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வந்து சேரும் வழியிலேயே பாதிக் கோளாறுகளுக்கு இடம் இருக்கிறது. அதைப் பார்க்க ஸ்பேனரே தேவையில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை கயிறு இழுத்த பிறகும் அது காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக வருகிறது, இல்லையென்றால் தீப்பொறி இல்லை. காய்ந்த பிளக் என்றால் மேலே படியுங்கள்.

ரப்பர் பல்பு என்ன சொல்கிறது?

டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்புதான் மிகவும் மலிவான பரிசோதனைக் கருவி. அதிலுள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்குங்கள்.

எவ்வளவு அமுக்கினாலும் பல்பு இறுகவில்லையா? எங்கோ காற்று புகுகிறது அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டது. வெயிலிலும் உப்பிலும் கிடந்த ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். ஆகவே "ஒழுகலையே" என்பது ஆதாரம் அல்ல.

பல்பு சப்பையாக ஒட்டிப்போகிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். அதைத் திறக்க மறந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி இழுவை நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் கோளாறு அவ்வளவுதான்.

இன்ஜின் சாகும்போது பல்பை அமுக்கினால் உயிர் வருகிறது, விட்டால் சாகிறது என்றால் ஃப்யூவல் பம்பைச் சந்தேகிக்கலாம். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில், கிரான்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதில் அசையும் ஒரு மெல்லிய டயாஃப்ரம் தாள்தான் பம்ப். அது விறைத்துப்போனாலோ ஓட்டை விழுந்தாலோ, உங்கள் கைதான் பம்ப் வேலையைச் செய்துகொண்டிருக்கும். காற்று புகும் ஹோஸும் இதே அறிகுறியைக் காட்டும். அதனால் ஹோஸை மாற்றிப் பார்த்துவிட்டு பம்பைத் திறங்கள்.

கண்ணாடி பாட்டிலில் உண்மை

இத்தனையும் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்கு வரலாம். அடியில் இருக்கும் ஃப்ளோட் பவுலின் வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். பெட்ரோலை விட தண்ணீர் கனமானது என்பதால் அது அடியில் தனிப் படலமாக நிற்கும். போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இந்த ஈரக்காற்றில் பாதி காலியான டேங்க் பகலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் உள்சுவரில் நீர் வியர்க்கும். அது கடைசியில் ஜெட்டுக்குத்தான் வந்து சேரும்.

தண்ணீர் இல்லை, ஆனால் பிசுபிசுப்பான பழுப்புக் கறை இருக்கிறதா? மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன பசை அது. சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ஜெட் அடைப்பு ஏறக்குறைய உறுதி. ஐடிலில் மட்டும் நின்றால் ஐடில் ஜெட். முழு வேகத்தில் திணறினால் மெயின் ஜெட் அல்லது பம்ப். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் நீடிலில் தூசி அல்லது தேய்மானம்.

ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். அந்தத் துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, தேவைப்பட்டால் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை நுழைத்து எடுங்கள். ஐடில் திருகைக் கழற்றும் முன், அது உள்ளே முட்ட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பிறகு நாள் முழுக்க ட்யூனிங் பண்ணுகிறார்கள்.

எத்தனால்தான் காரணமா?

இணையத்தில் தேடினால் எல்லாப் பழியும் எத்தனாலுக்குத்தான். தமிழ்நாட்டுக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் நியாயமானது. அந்தமானுக்கு வேறு கணக்காக இருந்தது. எத்தனால் கலப்புத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டபோது, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு ஆகிய இரண்டு யூனியன் பிரதேசங்கள் விலக்கப்பட்டன. E20 பெட்ரோல் 2023-ல் வந்தது அதன் பிறகு.

நீங்களே சோதிக்கலாம். ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மி.லி., தண்ணீர் 10 மி.லி. இரண்டையும் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் குலுக்கி, தெளியும் வரை வையுங்கள். அடிப்படலம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20-ஐ நெருங்கினால் சுமார் 10 சதவீதம் இருக்கிறது.

ஏன் இது முக்கியம்? 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், தன் அளவில் சுமார் அரை சதவீதத் தண்ணீரைத்தான் கரைத்து வைத்திருக்கும். 25 லிட்டர் டேங்கில் அது 125 மி.லி., ஒரு டம்ளர் டீ அளவு. அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மசகு தரும் ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான்.

ஆயில் பற்றி ஒரு வரி: அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 தர ஆயில். பைக்குக்கான 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. 50:1 என்றால் 20 லிட்டருக்கு 400 மி.லி. மிகப் பழைய மாடல்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும், உங்கள் மோட்டாரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்கள், கரை சேரும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். பவுலில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது.

சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால், மோட்டார் தண்ணீரில் இருக்கும்போதே ஹோஸைக் கழற்றிவிட்டு ஐடிலில் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். மிச்சத்தை வடிகால் திருகில் இறக்குங்கள்.

சென்னை இங்கிருந்து கப்பலில் சுமார் 1,200 கி.மீ. ஃப்ளோட் நீடில், டயாஃப்ரம், கேஸ்கெட் அடங்கிய ஒரு செட், ஒரு ரப்பர் பல்பு, இரண்டு பிளக் வீட்டில் இருந்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம். படகில் துடுப்பும் நங்கூரமும் இருக்கட்டும். நின்றுபோனால் முதலில் நங்கூரத்தை இறக்குங்கள், பிறகு பல்பைத் தொடலாம். இழுபட ஆரம்பித்தால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.