வடமுனைச் சோதியும் பருவகாலமும்

வடமுனையை அண்டிய நாடுகளின் இரவு வானத்திலே, காற்றில் அசையும் பச்சைத் திரைபோலத் தோன்றும் ஒளியை வடமுனைச் சோதி என்பர். கடுங்குளிரே இதனைத் தோற்றுவிக்கின்றது என்றும், ஆதலால் நடுமாரியே இதனைக் காண்டற்கு உகந்த காலம் என்றும் பலர் கருதுவர். இக்கருத்து ஆராயத்தக்கது.

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் இடையறாது வெளிவருகின்றன. இவ்வோட்டத்தைச் சூரியக் காற்று என்பர். இது புவியின் காந்தப்புலத்தைத் தாக்குங்கால், அங்கே விரைவூட்டப்பெற்ற இலத்திரன்கள் முனைப்பகுதிகளை நோக்கி இறங்கி, ஏறத்தாழ நூறு கிலோமீற்றரும் அதற்கு மேலுமான உயரத்தில் வளிமண்டலத்தோடு மோதுகின்றன. அம்மோதலால் ஒட்சிசன் பச்சையும், மேலும் உயரத்தில் சிவப்பும், நைதரசன் நீலமும் ஊதாவுமாக ஒளிர்கின்றன. சூரியனிலிருந்து வரும் மின்றுணிக்கைகளே இச்சோதிக்குக் காரணம் என்னும் கருத்தை நோர்வே அறிஞர் பேர்க்கலாந்து 1896 இல் வெளியிட்டார். இந்நிகழ்ச்சியிற் குளிருக்குப் பங்கில்லை.

ஆயின் கோடையில் ஏன் காணமுடிவதில்லை? சோதி கோடையிலும் எரிகின்றது; பகலொளி அதனை மறைத்துவிடுகின்றது. நோர்வேயின் துரொம்சோ நகரில் மே மாத நடுப்பகுதி தொடக்கம் ஜூலை இறுதிவாரம் வரை சூரியன் மறைவதேயில்லை. அதற்கு முன்னும் பின்னுமுள்ள சில வாரங்களிலும் இரவு நன்கு இருள்வதில்லை. எனவே, செப்டெம்பர் தொடக்கம் ஏப்பிரில் முற்பகுதி வரையுள்ள காலமே காட்சிக்குரியதாகும்.

இக்காலத்துள்ளும் சமவிராக்காலங்களை அடுத்த செப்டெம்பர், ஒக்டோபர், மார்ச் மாதங்களிலே காந்தக் குழப்பம் மிகுதி. இதற்கு இரசல், மக்பெரன் என்னும் இருவர் 1973 இல் விளக்கம் தந்தனர். புவியச்சின் சாய்வினால், அக்காலங்களிற் சூரியக் காற்றின் காந்தப்புலம் புவிக்காந்தத்துக்கு எதிர்த்திசையில் அமைதற்கு வாய்ப்பு மிகுகின்றது. எதிரெதிர்ப் புலங்கள் இணையுமிடத்துச் சத்தி உட்புக வழி பிறக்கின்றது. நடுமாரியில் இரவு நீண்டதாயினும் இவ்வாய்ப்புக் குறைவு.

முகிலும் கருதத்தக்கது. கடலோரத்து வானம் அடிக்கடி மூடுண்டிருக்கும். அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள பெயர்பாங்சில் மார்ச் மாத வானம் பெரிதும் தெளிந்திருக்கும்.

எனினும், பருவம் வாய்ப்பைக் கூட்டுமேயன்றி உறுதி தராது. ஏறத்தாழப் பதினொரு ஆண்டுக்கொருமுறை சூரியனின் கொந்தளிப்பு உச்சமடைகின்றது. அத்தகைய உச்சக் காலத்தில், 2024 மே 10 ஆம் திகதி எழுந்த பெரும் காந்தப்புயலின்போது, இமயத்தை அடுத்த லடாக்கிலும் செந்நிறச் சோதி பதிவாயிற்று. அது மாரியுமன்று, சமவிராக்காலமுமன்று.

ஆகவே, சோதியை உண்டாக்குவது சூரியன்; காணச்செய்வது இருளும் தெளிந்த வானமும். ஒரு நிகழ்ச்சியின் காரணத்தையும், அதனைக் காண்டற்குரிய நிபந்தனையையும் மயங்காது பிரித்தறிதல் விஞ்ஞானம் பயில்வார்க்கு இன்றியமையாதது.