ரொட்டி வாங்க ஆறு கிலோமீட்டர்!

என் சித்திக்கு வயது அறுபத்து மூன்று. முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஏறினால் "அம்மாடி!" என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். அந்தச் சித்தியோடு 2023 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டில் மூன்று நாள் சைக்கிள் யாத்திரை போய்விட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா?

சித்தப்பா புதுச்சேரிக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம் என்று ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பம் அது. 1982-ல் கல்யாணமாகிப் போன சித்தி, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பாரிஸுக்குப் பக்கத்தில் குடித்தனம் செய்தார். சித்தப்பா ஓய்வு பெற்றதும், 2018-ல் ப்ளுவா என்ற ஊருக்கு அருகே ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கினார்கள்.

போட்டோவில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கல் வீடு, பேரிக்காய் மரம், கூப்பிடு தூரத்தில் லுவார் நதி! பிரான்ஸின் மிக நீளமான நதி அதுதான்; ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

போட்டோவில் தெரியாத சங்கதி

அந்தக் கிராமத்தில் ஒரு கடை கிடையாது. ரொட்டிக் கடை ஆறு கிலோமீட்டர். மருந்துக் கடையும் டாக்டரும் அங்கேதான். பஸ் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கான வண்டி மட்டும். சித்தப்பா கார் ஓட்டுவார். சித்திக்குத் தெரியாது. "அவர்தான் இருக்காரே" என்று கற்றுக்கொள்ளவும் இல்லை.

2021 குளிர்காலத்தில் சித்தப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இரண்டு மாசம்டி! ஒரு ரொட்டிக்குக்கூட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டணும். அவங்க முகம் சுளிக்கலை. எனக்குத்தான் கூசிப் போச்சு. இத்தனை பெரிய வீட்டை வாங்கி, நாமே பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோமேன்னு ராத்திரியெல்லாம் அழுகை" என்றார் சித்தி.

அடுத்த வீட்டம்மாள் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. வயது எழுபத்தொன்று. 2006-ல் கணவரும் அவருமாகக் கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நதிக்கரையோரம் ஊர் சுற்ற வந்தவர்கள், அந்தக் கிராமத்திலேயே மனசைப் பறிகொடுத்து, ஓய்வு பெற்றதும் குடியேறிவிட்டார்கள். 2019-ல் கணவர் காலமானார். மகள் லண்டனுக்குக் கூப்பிட்டும் இவர் போகவில்லை. வாரச் சந்தைக்கும் நூலகத்துக்கும் தானே சைக்கிளில் போய் வருவார். சந்தையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர்தான் சித்திக்குக் குரு.

சித்தப்பாவுக்குச் சம்மதமில்லை. "இந்த வயசில விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டா யார் பார்க்கிறது?"

"பார்க்க யாருமில்லைன்னுதானே கத்துக்கறேன்!" என்றாராம் சித்தி.

ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஒரு மாதப் பயிற்சி. பிறகு தையலில் சேர்த்த பணத்தில் மோட்டார் துணையுள்ள சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டார். பெடலை மிதித்தால்தான் மோட்டாரும் உதவும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டதும் தானாக நின்றுவிடும். முழங்காலுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

மூன்று பெண்கள், மூன்று சைக்கிள்

நான் போனபோது மூவருமாகக் கிளம்பினோம். நதியோரமாகக் கடல் வரைக்கும் சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. பெரும்பாலும் மேடு பள்ளம் குறைவு. திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டிப் பலகை. நாங்கள் தினம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் போனோம். மேற்கே போகிறவர்களுக்கு எதிர்காற்று. சித்தி மோட்டார் தயவில் சிரித்துக்கொண்டே முன்னே போக, நாற்பத்தைந்து வயது நான் நாக்குத் தள்ளிப் பின்னால் போனேன்!

முதல் மணி நேரத்திலேயே என் துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கி, மணலில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. அதன் பிறகு துப்பட்டா பைக்குள் போய்விட்டது.

முதல் ராத்திரி ஷோமோன். அங்குள்ள கோட்டையில் 1992-லிருந்து வருஷா வருஷம் தோட்டத் திருவிழா நடக்கிறது. அந்தக் கோட்டைக்கு ஒரு கதை உண்டு. 1559-ல் மன்னர் இரண்டாம் ஆன்ரி இறந்ததும், ராணி கத்ரீன், மன்னரின் ஆசை நாயகி தியானிடமிருந்து ஷெனோன்ஸோ என்ற அழகான மாளிகையைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்த ஷோமோனைக் கொடுத்துவிட்டாராம். "மாளிகையா இருந்தாலும் ஆம்பளை போன பிறகு வீடு யாருக்குங்கிற பிரச்சினைதான் பாரு" என்றார் சித்தி.

மறுநாள் ஆம்புவாஸ். ஓவியர் லியனார்டோ டாவின்சி கடைசி மூன்று வருஷம் வாழ்ந்து, 1519-ல் கண்ணை மூடிய ஊர். அவரும் வயதான காலத்தில் அயல்நாட்டில் வந்து தங்கியவர்தானே! மூன்றாம் நாள் தூர் நகரத்தை அடைந்து, சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. நீள ரொட்டியில் வெண்ணெய் தடவி, நான் கொண்டுபோன பருப்புப் பொடியைத் தூவினால் அமிர்தம்! அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் ஒன்று உண்டு. உருட்டி, நடுவே ஒரு வைக்கோலைச் செருகியிருக்கிறார்கள். ஆங்கிலேய அம்மாளுக்கும் பருப்புப் பொடி பிடித்துப் போய், பாட்டிலோடு வாங்கிக்கொண்டார்.

நீங்களும் கிளம்புவதானால்

* முதல் வாரம் தினம் ஐந்து கிலோமீட்டர் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூட்டு வலி, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

* பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். ஸீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

* தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

* பிரான்ஸில் போக்குவரத்து வலது பக்கம். மத்தியானம் பல கடைகள் மூடிவிடும். காலையிலேயே ரொட்டி வாங்கிவிடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு.

* அங்கே குடியேற நினைப்பவர்களுக்கு: நீண்ட நாள் விசா, வருமானச் சான்று, மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். 2021-லிருந்து ஆங்கிலேயர்களுக்கும் இதே கதிதான். கிராமங்களில் டாக்டர் பற்றாக்குறை அதிகம். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டர் பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள்.

சித்தப்பாவுக்கு அந்தக் கண் பழையபடி தெளியவில்லை. காரை விற்றுவிட்டார்கள். இப்போது அவருடைய மாத்திரை முதல் காய்கறி வரை சித்தியின் சைக்கிள் கூடையில்தான் வருகிறது.

நாங்கள் திரும்பிய சாயங்காலம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அவர் வைத்த ரசம் மணத்தது. சித்தியின் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் இருக்காமே. பின்னால எனக்கு இடம் கிடைக்குமா?" என்றார்.

"பேசாம வருவீங்கன்னா கிடைக்கும்" என்றார் சித்தி.

சகோதரிகளே, ஓய்வுக் காலத்துக்கு வீடு பார்க்கும்போது தோட்டத்தையும் காற்றையும் பார்ப்போம், சரிதான். அது பிரான்ஸானாலும் சரி, நம் ஊர்ப் புறநகரானாலும் சரி, இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் துணையில்லாமல், அந்த வாசலைத் தாண்டி நீங்கள் தனியாகக் கடைக்கும் டாக்டரிடமும் போய்வர முடியுமா? முடியாது என்றால், அதற்கு வழி தேடிக்கொண்ட பிறகு பால் காய்ச்சுங்கள்!